எதிர்காலத் தொழில்நுட்பத்துக்கு ஆசிரியப் பணி ஒரு வழியா? மாரமங்கலத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கணிதத்திலும் அறிவியலிலும் தேர்ந்த ஓர் இளைஞர், வரப்போகும் தொழில்நுட்பத்துக்குத் தன் வாழ்நாளில் ஏதாவது செய்ய வேண்டும் என்று விரும்புகிறார். அவர் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டுமா, மென்பொருள் நிறுவனத்துக்கா, பள்ளிக்கூடத்துக்கா? இன்று பி.எட். படிப்பில் சேரலாமா என்று யோசிக்கும் பட்டதாரிகள் பலருக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் இது புதிய கேள்வி அல்ல.

சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அனாதைப் பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பாளராக 1789இல் அமர்ந்த ஆண்ட்ரு பெல், மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைக்கு நெருக்கமான முறை அது. 1797இல் அவர் அதை நூலாக்கிய பின் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. குறைந்த ஆசிரியர்களைக் கொண்டு நிறையப் பேருக்கு அறிவைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதும் ஒரு தொழில்நுட்பச் சிக்கல்தான் என்பதை அந்த வரலாறு காட்டுகிறது. அன்றிலிருந்து இக்கேள்விக்குக் கிடைத்துவந்த விடைகளை ஐந்து நிலைப்பாடுகளாகத் தொகுக்கலாம். அவை ஒவ்வொன்றையும் சேர்வராயன் மலையின் மாரமங்கலம் போன்ற ஓர் ஊரில் வைத்துச் சோதித்தால் அவற்றின் வலுவும் குறையும் தெளிவாகத் தெரிகின்றன.

மலையின் நிலை

மாரமங்கலம் சேலம் மாவட்டம் ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வாழும் பகுதி இது. பெயர் அப்படி இருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழ். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பிப் பயிரை இம்மலைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் தோட்டங்களே இங்கே முக்கிய வேலைக்களம் ஆயின.

கல்வியைப் பொறுத்தவரை ஏற்காடு இரண்டு உலகங்களைத் தாங்கி நிற்கிறது. 1917இல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியும், அதற்கும் முந்தைய சேக்ரட் ஹார்ட் பள்ளியும் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க வரும் இடங்கள். அதே மலையின் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கோ ஊராட்சி ஒன்றியப் பள்ளியும் அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியும்தான் வாசல். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடு. மாநிலத்தின் பழங்குடியினரிடையே அது ஏறத்தாழ 54 விழுக்காடு. ஆசிரியர் ஒருவரின் பணி தொழில்நுட்பத்துக்கு என்ன செய்யும் என்ற கேள்வியை இந்த இடைவெளியை மறந்துவிட்டுக் கேட்க முடியாது.

முதல் நிலைப்பாடு: ஒருவர் பலரை உருவாக்குகிறார்

மிகப் பழையதும் மக்கள் மனத்தில் ஆழமாக வேரூன்றியதும் இந்த விடைதான். ஒரு பொறியாளர் தன் இரண்டு கைகளால் செய்வதைவிட, அவரைப் போன்ற நூறு பேரை உருவாக்கும் ஆசிரியரின் பங்கு பெரிது என்பது இதன் சாரம். அப்துல் கலாம் தன் வரலாற்றில் இராமேசுவரத்து ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரை நன்றியோடு நினைவுகூர்ந்தது தமிழர் பலருக்கும் தெரியும். கலாமே 2001இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் உரையாற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவர் உயிர் பிரிந்தது.

இதைவிடத் துல்லியமான சான்று ஈரோட்டில் 1933இல் பிறந்த வி. ராஜாராமன். கான்பூர் ஐஐடிக்கு 1963இல் ஐபிஎம் 1620 கணினி வந்தபின், நாட்டில் கணினி அறிவியலைப் பாடமாக வளர்த்த முன்னோடிகளில் அவர் ஒருவர். மலிவு விலையில் அவர் எழுதிய பாடநூல்கள், தாம் ஒருபோதும் நேரில் காணாத மாணவர்களையும் எட்டின. எம்.சி.ஏ. படிப்புக்கு வித்திட்ட 1980களின் குழுவுக்கும் அவரே தலைவர். இந்திய மென்பொருள் தொழிலுக்கு ஆள்பலம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், நிறுவனங்களுக்கு முன்பாக இத்தகைய வகுப்பறைகளைத்தான் காண்கிறோம்.

இக்கருத்துக்கு அளவீட்டு ஆதாரமும் உண்டு. ஜெர்மனியில் 1933க்குப் பின் நாஜி ஆட்சி யூதப் பேராசிரியர்களை வெளியேற்றியதன் விளைவை ஃபேபியன் வால்டிங்கர் ஆராய்ந்தார். சிறந்த கணிதப் பேராசிரியர்களை இழந்த துறைகளில் முனைவர் பட்ட மாணவர்களின் பிற்கால வளர்ச்சி குன்றியது என்று 2010இல் அவர் காட்டினார். அங்கேயே எஞ்சியிருந்த சக பேராசிரியர்களின் ஆய்வு வெளியீடு அவ்வாறு குறைந்ததாக அவருடைய பின்னைய ஆய்வு காணவில்லை. அறிஞர் ஒருவர் போனதால் உடன் பணியாற்றியவர்களைவிட அவரிடம் படித்தவர்களே அதிகம் இழந்தார்கள் என்று இதைப் படிக்கலாம்.

இந்நிலைப்பாட்டின் குறை, அதன் சான்றுகள் வரும் திசையில் இருக்கிறது. வெற்றி பெற்றவர் திரும்பிப் பார்த்துத் தன் ஆசிரியரைச் சொல்கிறார். அதே ஆசிரியரிடம் படித்து வேறெங்கோ போனவர்களின் கதை நமக்குக் கிடைப்பதில்லை. மேலும், ராஜாராமனும் வால்டிங்கர் ஆராய்ந்த பேராசிரியர்களும் உயர்கல்வியில் இருந்தவர்கள். ஏற்கெனவே வடிகட்டப்பட்ட மாணவர்களுக்குக் கற்பித்தவர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லித்தரும் ஆசிரியருக்கும் அதே பெருக்கம் உண்டு என்று அவர்களைக் கொண்டு நிறுவ முடியாது.

இரண்டாம் நிலைப்பாடு: நேரடியாகச் செய்பவரே தேவை

இதற்கு எதிரான வாதம் இரண்டு கிளைகளாக வருகிறது. தொழில்நுட்பம் வளர்வதற்குக் கையில் கருவியோடு உழைப்பவர்களே தேவை. அத்தகைய திறமை உள்ளவர் வகுப்பறைக்குப் போனால் அந்த உழைப்பு இழக்கப்படுகிறது என்பது முதல் கிளை. இரண்டாவது, வில்லியம் மக்காஸ்கில் போன்ற தத்துவவாதிகள் அண்மைக் காலத்தில் வலியுறுத்திய கேள்வி: நீங்கள் அந்த வேலைக்குப் போகாவிட்டால் வேறு யார் போயிருப்பார்? உங்களைப் போலவே திறமையான ஒருவர் வந்திருப்பார் என்றால், உங்கள் தேர்வால் உலகுக்குக் கூடுதலாகக் கிடைத்தது மிகக் குறைவு.

தமிழ்நாட்டின் ஆசிரியர் சந்தையை மேலோட்டமாகப் பார்த்தால் இந்த வாதம் வலுவாகத் தோன்றும். மாநிலத்தின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தபோது ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினர். ஒரு பணியிடத்துக்குக் காத்திருப்பவர் பலர். ஆனால் அந்தத் தேர்வில் தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. வரிசையின் நீளம் வேறு, வகுப்பறைக்குத் தகுதியோடு வந்து சேர்பவர் எண்ணிக்கை வேறு.

இடத்தைச் சேர்த்துப் பார்த்தால் வாதம் இன்னும் தளர்கிறது. சேலம் நகரப் பள்ளியில் ஓர் இடம் காலியானால் அதைக் கேட்டு வருபவர் இருப்பார். மலைப்பள்ளியில், இவர் வராவிட்டால் வருவது இன்னொரு சிறந்த ஆசிரியர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆளில்லாத வகுப்போ, அடுத்த இடமாறுதலுக்காகக் காத்திருக்கும் ஒருவரோ மிஞ்சலாம். ஆகவே ‘வேறு யார் போயிருப்பார்’ என்ற கேள்வியே மலையில் ஆசிரியப் பணிக்குச் சாதகமாகத் திரும்பக்கூடும்.

ஆய்வையும் கற்பித்தலையும் எதிரெதிராக நிறுத்துவதும் எப்போதும் பொருந்தாது. சி. வி. ராமன் 1917இல் நிதித்துறையின் உயர் பதவியை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். 1928இன் ‘ராமன் விளைவு’ கண்டுபிடிப்பில் அவரோடு உழைத்தவர், வத்திராயிருப்பிலிருந்து சென்ற கே. எஸ். கிருஷ்ணன். அந்தப் பேராசிரியப் பணியைத் தொழில்நுட்பத்துக்கான இழப்பாக யாரும் கணக்கு வைக்க முடியாது. ஆனால் பள்ளி ஆசிரியருக்கு ஆய்வு செய்ய நேரமோ கருவியோ நம் அமைப்பு தருவதில்லை என்பதும் உண்மை. அந்த அளவில் இரண்டாம் நிலைப்பாட்டின் கவலை நியாயமானது.

மூன்றாம் நிலைப்பாடு: கண்ணில் படாதது கனவிலும் வராது

கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பை எது தீர்மானிக்கிறது? இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தவர்கள் அலெக்ஸ் பெல், ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளியலாளர்கள். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஏறத்தாழ 12 லட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். வருமானத்தில் உச்சியில் இருக்கும் ஒரு விழுக்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள், வருமானத்தில் கீழ்ப் பாதியில் இருப்பவர்களைவிடப் பத்து மடங்கு அதிகமாகக் கண்டுபிடிப்பாளர்கள் ஆகிறார்கள். மூன்றாம் வகுப்பில் கணிதத்தில் ஒரே தரத்தில் இருந்த பிள்ளைகளிடையேயும் இந்த இடைவெளி பெரிதாகவே நீடித்தது. ஒரு குறிப்பிட்ட துறையின் கண்டுபிடிப்பாளர்கள் நிறைந்த வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைகள் பிற்காலத்தில் அதே துறையில் காப்புரிமை பெறும் வாய்ப்பு கூடியது. பெண் கண்டுபிடிப்பாளர்களைக் கண்டு வளர்ந்த சிறுமிகளிடமும் அதே விளைவு. திறமை எங்கும் இருக்கிறது. அதைத் தூண்டும் காட்சிதான் எங்கும் இல்லை.

மாரமங்கலத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும் நிலைப்பாடு. பெற்றோர் காப்பித் தோட்டத்தில் உழைக்க, பொறியாளரையோ ஆய்வாளரையோ அருகில் கண்டிராத பிள்ளைக்கு, அந்த உலகை முதலில் அறிமுகம் செய்யக்கூடியவர் ஆசிரியரே. அதற்கு மலையை விட்டு இறங்கவும் வேண்டியதில்லை. ஏற்காட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்காவும் இருக்கின்றன. அங்கே நடக்கும் வேலைக்கும் தன் வீட்டு மிளகுக் கொடிக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைக்குக் காட்ட ஒருவர் வேண்டும். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை செய்து பார்க்கும் அறிவியலைக் கொண்டுசெல்ல முயல்வதும் இந்த நோக்கில்தான்.

சேலம் மாவட்டத்திலேயே ஊக்கம் தரும் நிகழ்வு உண்டு. கல்வராயன் மலையின் கருமந்துறையில் உள்ள அரசுப் பழங்குடியினர் உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளி சமூக மாணவி ஒருவருக்கு 2025இல் சென்னை ஐஐடியில் இடம் கிடைத்தது. இதைக் காணும் அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பாதை இனி கேள்விப்படாத ஒன்றாக இருக்காது.

ஆனால் இங்கும் எச்சரிக்கை தேவை. பெல், செட்டி குழுவினர் அளந்தது குடும்பத்தின், வட்டாரத்தின் தாக்கத்தை. ஓர் ஆசிரியர் தனி ஆளாக அதற்கு ஈடு செய்ய முடியுமா என்பதை அவர்கள் சோதிக்கவில்லை. அமெரிக்க வட்டாரத்தில் கண்டதைச் சேர்வராயன் மலைக்கு அப்படியே கொண்டுவரவும் முடியாது.

நான்காம் நிலைப்பாடு: அடித்தளம் இருந்தால் மற்றவை வரும்

எரிக் ஹனுஷெக்கும் லுட்கர் வோஸ்மனும் வலியுறுத்துவது வேறு. ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சியோடு நெருங்கிச் செல்வது பள்ளியில் கழித்த ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, பிள்ளைகள் உண்மையில் கற்றுக்கொண்ட கணிதமும் அறிவியலும் என்பது அவர்கள் வாதம். செட்டி, ஃப்ரீட்மன், ராக்காஃப் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பத்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைப் பின்தொடர்ந்து, நல்ல ஆசிரியரின் விளைவு வயது வந்த பின் வருமானம் வரை நீள்வதைக் காட்டியது. இந்த மரபின்படி, தொழில்நுட்பத்துக்கு ஆசிரியர் செய்யும் தலையாய உதவி ரோபோ மன்றம் நடத்துவது அல்ல. மூன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புக் கணக்கைப் போடுவதை உறுதி செய்வது.

தமிழ்நாட்டிலிருந்தே இதற்கு வலுவான சான்று இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதன் பாதிப்பை அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் இம்மாநிலத்தின் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் அளந்தனர். இழப்பு கணிதத்தில் மிகப் பெரிது. தமிழில் அதில் ஏறத்தாழ பாதி. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்களால் வந்தது. அவர்களில் மிகப் பலர் உள்ளூர்ப் பெண்கள். ஊரிலேயே இருந்து, பிள்ளையை அறிந்து, தொடர்ந்து சொல்லித்தரும் ஒருவரின் பலன் அளவிடத்தக்கது என்பதற்கு இதைவிட அருகிலிருக்கும் சான்று கிடைப்பது அரிது.

இந்நிலைப்பாட்டின் பலவீனம், சங்கிலியின் நீளம். கணக்கு வந்தால் வருமானம் கூடும் என்பது ஓரளவு தெளிவு. வருமானம் கூடுவதும் புதிய தொழில்நுட்பம் பிறப்பதும் ஒன்றல்ல. நாடுகளிடையே காணும் தொடர்பு காரணமும் விளைவுமா, உடன் நிகழ்வா என்ற சர்ச்சையும் தீரவில்லை.

ஐந்தாம் நிலைப்பாடு: கருவியே கற்பிக்கும்

நல்ல ஆசிரியர் மலையேறி வரக் காத்திருப்பதைவிட, கருவியை அனுப்பிவிடலாம் என்பது ஐந்தாவது விடை. சுகதா மித்ரா 1999இல் டெல்லியின் கல்காஜியில் சுவரில் பதித்த கணினி இந்த நம்பிக்கைக்கு உலகப் புகழ் தந்தது. 2011 முதல் தமிழ்நாடு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இன்று செயற்கை நுண்ணறிவு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஆசான் என்ற வாக்குறுதியோடு நிற்கிறது. பழைய காலத்திலும் இதற்கு ஆதரவாக ஒரு பெயர் உண்டு: கும்பகோணத்தில் பதின்ம வயது ராமானுஜனுக்கு 1903 வாக்கில் கைக்கு வந்த, கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல், எந்த வகுப்பறையையும்விட அவரைத் தூண்டியது.

சான்றுகள் இரண்டு பக்கமும் சாய்கின்றன. பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்த பெருந்திட்டம் கணிதத்திலோ மொழியிலோ முன்னேற்றம் தரவில்லை என்று மதிப்பீடு காட்டியது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கொண்டு நடந்த பள்ளிக்குப் பிந்தைய வகுப்புகளோ, நாலரை மாதத்தில் கணிதத்தில் குறிப்பிடத்தக்க உயர்வைத் தந்தன. மென்பொருள் பிள்ளையின் உண்மையான தரத்துக்கேற்பப் பாடத்தை அமைத்தது. மையங்களில் பார்த்துக்கொள்ளவும் உதவவும் ஆட்கள் இருந்தார்கள். கருவி தனியே நின்றபோது தோற்று, பயன்படுத்தும் முறையோடும் மனிதரோடும் சேர்ந்தபோது வென்றது என்பதே இன்றுவரை எடுத்துக்கொள்ளத்தக்க முடிவு. ராமானுஜனுக்கும் புத்தகத்தோடு கதை முடியவில்லை. சென்னைத் துறைமுகத்தில் எஸ். நாராயண ஐயரும் கேம்பிரிட்ஜில் ஹார்டியும் அவர் எழுதியதைப் படித்து மதிப்பறிந்தார்கள்.

எதற்கான தொழில்நுட்பம்?

இந்த ஐந்து விடைகளுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: தொழில்நுட்பத்தை முன்னேற்றுவது கல்வியின் நல்ல நோக்கம். அதையே கேள்வி கேட்டவர்கள் உண்டு. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையும் ஊரின் தேவையையும் மையமாக்கியது. திறமையான பிள்ளையை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்துத் தொலைதூர நிறுவனத்துக்கு அனுப்புவதே வெற்றி என்றால், ஊருக்கு மிஞ்சுவது என்ன என்று இம்மரபு கேட்கிறது.

சேர்வராயன் மலை இக்கேள்வியை அனுபவத்தில் அறிந்தது. இம்மலையின் பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. பெருந்தொழில்நுட்பம் இங்கே மூலப்பொருளைத் தேடி வந்தது. மலைமக்களைப் பொறியாளர்களாகத் தேடி வரவில்லை. எனவே ‘எதிர்காலத் தொழில்நுட்பம்’ என்பதில் மிளகு வாடல் நோயைக் கண்டறியும் வழியும், மலைச்சரிவில் நீரைத் தேக்கும் முறையும், செங்குத்துப் பாதையில் நோயாளியைக் கொண்டுசெல்லும் வசதியும் அடங்க வேண்டும் என்று கோருவது நியாயம். பெல், செட்டி குழுவின் முடிவிலிருந்தும் இப்படி ஊகிக்கலாம்: யார் கண்டுபிடிக்கிறார்கள் என்பது, எது கண்டுபிடிக்கப்படுகிறது என்பதையும் மாற்றக்கூடும். இம்மரபின் குறை, ஊரின் தேவை என்ற பெயரில் பழங்குடிப் பிள்ளைக்கு உயர்கணிதம் வேண்டாம் என்று மற்றவர்கள் முடிவு செய்துவிடும் அபாயம். எந்தப் பாதை என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டுமானால், முதலில் எல்லாப் பாதையும் அதற்குத் திறந்திருக்க வேண்டும்.

தனிமனிதத் தேர்வுக்கு வெளியே

ஆசிரியப் பணியைத் தேர்ந்தெடுப்பவரின் மனஉறுதியை மட்டும் பேசும் எழுத்துகள் பணிச்சூழலை மறந்துவிடுகின்றன. மலைப்பகுதி ஒன்றியங்களில் ‘மலைச்சுழற்சி’ என்ற இடமாறுதல் முறை பேசப்படுகிறது. சமவெளி ஆசிரியர் குறிப்பிட்ட காலம் மலையில் பணியாற்றி இறங்குவது நீதியானதுதான். பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால், முகம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆசிரியர் அடிக்கடி மாறுவது கற்றலைக் குறைக்கிறது, பின்தங்கிய பிள்ளைகளிடம் அந்தப் பாதிப்பு கூடுதல் என்று நியூயார்க் பள்ளிகளில் ரான்ஃபெல்ட், லோப், விக்காஃப் 2013இல் காட்டினர்.

ஊதியமும் நிலையும் இன்னொரு பக்கம். 2022இல் அரசுப் பள்ளிக் காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப முனைந்தபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் மாதத் தொகுப்பூதியமாக அறிவிக்கப்பட்டது. இயற்பியலோ கணினியோ படித்த ஒருவருக்கு மென்பொருள் நிறுவனம் தரும் ஊதியத்தோடு இதை ஒப்பிட்டால், தியாகத்தை மட்டும் நம்பி ஒரு துறையை நடத்த முடியாது என்பது விளங்கும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தகுதியை உயர்த்துவதும் ஆளைத் தக்கவைப்பதும் ஒருங்கே நடக்காவிட்டால் முதல் இழப்பு எட்டாத ஊர்களுக்கே.

எஞ்சும் மதிப்பீடு

சான்றுகள் எதைத் தாங்குகின்றன, எதைத் தாங்கவில்லை என்று பிரித்துச் சொல்லலாம். நல்ல ஆசிரியர் பிள்ளையின் கற்றலையும் பிற்கால வாழ்வையும் உயர்த்துகிறார் என்பது இன்று வலுவாக நிறுவப்பட்டது. கண்டுபிடிப்புத் திறமை, வாய்ப்பின்மையால் பெருமளவு வீணாகிறது என்பதும் அவ்வாறே. இவ்விரண்டையும் இணைத்து, பள்ளி ஆசிரியர் ஒருவரால் இத்தனை கண்டுபிடிப்பாளர்கள் கூடுவார்கள் என்று சொல்லும் ஆய்வு கண்ணில் படவில்லை. இந்திய மலைக்கிராமங்களைப் பற்றி அறவே இல்லை. ஆகவே, ‘ஆசிரியர் ஆனால் தொழில்நுட்பம் வளரும்’ என்பதைப் பொதுவிதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் ஐந்து நிலைப்பாடுகளையும் சேர்த்துப் பார்க்கையில் ஒரு முடிவு துணிவோடு சொல்லத்தக்கது: விடையை மாற்றுவது தொழிலின் பெயரைவிட இடம்தான். ஆசிரியர்கள் நிறைந்த நகரத்தில், சிறந்த பொறியாளர் ஒருவர் ஆசிரியராவதன் கூடுதல் பலன் ஐயத்துக்குரியது. மாரமங்கலம் போன்ற ஊரில், அடித்தளத்தைக் கட்டி, வெளியுலகைக் கண்ணில் காட்டி, கருவியைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் சில ஆண்டுகள் தொடர்ந்து தங்கினால், அவருடைய பங்கை வேறொருவர் நிரப்பியிருப்பார் என்று சொல்வது கடினம். அந்த ஒருவர் இதே மலையில் பிறந்து படித்தவராக இருந்தால் தங்குவதற்கான வாய்ப்பும் கூடும் என்று எதிர்பார்க்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு தேவை.

மூன்று கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. ஆசிரியர் வழி கிடைக்கும் அறிமுகம், குடும்பம் வழி கிடைக்கும் அறிமுகத்துக்கு எந்த அளவு ஈடாகும்? செயற்கை நுண்ணறிவு, ஓராசிரியர் பள்ளியின் சுமையைக் குறைக்குமா, அந்தப் பணியிடத்தையே தேவையற்றது என்று காட்டும் சாக்காகுமா? மேலே போன பிள்ளைகளில் எத்தனை பேர் தம் அறிவை மலையின் சிக்கல்களுக்குத் திருப்புகிறார்கள்? பழங்குடியினர் உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்களைப் பத்து, இருபது ஆண்டுகள் பின்தொடரும் ஓர் ஆய்வைத் தமிழ்நாடு தொடங்குமானால், முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் விடையின் தொடக்கமாவது கிடைக்கும். அதுவரை, இப்பணியைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் இளைஞருக்கு நேர்மையாகச் சொல்லத்தக்கது இது: பலன் உறுதி என்று யாரும் வாக்களிக்க முடியாது, ஆனால் ஆசிரியர் குறைவாக உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தால், பலன் பெரிதாக இருக்கும் என்று நம்புவதற்குக் காரணங்கள் இருக்கின்றன.